கறுப்பு வண்டி

போன வாரம் ராசிபுரம் பஸ்ஸில் முன் சீட்டில் அம்மாவின் தோளில் சாய்ந்து ஒரு குழந்தை தூங்கிக்கொண்டு வந்தது. புது மொட்டை, சந்தன வாசனை. உச்சியில் இரட்டைச் சுழி. இரட்டைச் சுழிக்கு இரண்டு பெண்டாட்டி என்று நீங்கள் சிரிப்பீர்கள். நான் பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

என் தம்பிக்கும் இரட்டைச் சுழி. மேலே காவிரியில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. வெண்ணெய் எடுக்க வருகிற ராசிபுரத்துக்காரர் ஒரு நாள் குரலைத் தணித்து, "செவுரு நிக்க மாட்டேங்குதாமுங்க. காவு குடுக்க ரெட்டச்சுழிப் பையனாப் பார்த்துப் புடிக்கறாங்களாமா" என்றார். அடுத்த மாதம் குலதெய்வத்திடம் தம்பிக்கு மொட்டை போடுவதாக அம்மா வேண்டியிருந்தாள். மழித்தால் சுழி ஊருக்கே தெரியுமே! தெய்வத்திடம் தவணை கேட்டுவிட்டு, அவன் தலை நிறைய விளக்கெண்ணெய் வைத்துச் சடை பின்னி, என் பழைய பாவாடையைக் கட்டிவிட்டாள். தெய்வம் கோபிக்குமா, அணைக்காரன் பிடிப்பானா என்று இரண்டு பக்கமும் பயந்து அவள் இளைத்தே போனாள். விளக்கெண்ணெய் வாடை அடித்தால் எனக்கு அந்த நாட்கள்தான்.

தம்பிக்கு நாலு வயசு. அவனைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எனக்கு ஒன்பது வயசு, நொண்டி ஆட வேண்டும். அவனோ வாய்க்காலைக் கண்டால் நிற்க மாட்டான். ஆகவே கதையில் என் பங்குக்கு ஒரு கறுப்பு வண்டியைச் சேர்த்தேன். வாய்க்கால் கரையில் புங்க மரத்தடியில் நிற்கிறது. மாட்டுக்கு மணி கிடையாது, வருவது கேட்காது. அந்த மணி கிடையாது என்பதில் எனக்கு ஏகப் பெருமை. ஒரு வாரத்தில் வண்டியைக் கண்ணால் பார்த்தவர்களே ஊரில் நாலு பேர். எனக்கே அந்தப் பக்கம் போகப் பயமாகிவிட்டது. இரண்டு வருஷம் பிள்ளைகள் யாரும் கரையை மிதிக்கவில்லை.

அணை முடிந்தது. யாரும் யாரையும் பிடிக்கவில்லை. தம்பிக்கு மொட்டை போட்டோம். அம்மா அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள். நான் பெரிய ஆள் மாதிரி அவனிடம், "வண்டியுமில்ல, ஒண்ணுமில்ல. எல்லாம் நாஞ் சொன்ன பொய்" என்றேன். அவன் நம்பினான்.

எட்டாம் நாள் அவனை வாய்க்காலிலிருந்து எடுத்தார்கள். அழுது ஓய்ந்த பிறகு அம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அணையக் கட்டற வரைக்கும் ஊட்டுலயே இருந்தான். இன்னும் நாலு வருசம் கட்டியிருக்கப்படாதா, சாமி." வண்டியை வைத்ததும் எடுத்ததும் நான்தான் என்று அவளிடம் கடைசிவரை சொல்லவில்லை.

இப்போது வாய்க்காலுக்குச் சுவர் கட்டிவிட்டார்கள். புங்க மரம் இல்லை. கறுப்பு வண்டி என்றால் அங்கே ஒருத்தருக்கும் தெரியவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கும்போது மனசு கேட்காமல் அந்தத் தாயிடம், "பையனத் தண்ணிப் பக்கம் உட்றாதீங்க" என்றேன். அவள் குழந்தையின் தலையை முந்தானையால் மூடி இறுக்கிக்கொண்டு, பிள்ளை பிடிக்க வந்தவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.