விளிம்பில் இருந்த பெயர்

போர் விமானிகளின் பதக்கங்களைச் சேர்க்கிறேன் என்று சொன்னால், நீங்கள் விமானப்படையில் இருந்தீர்களா என்று கேட்பார்கள். நான் விமானத்தில் ஏறியதே இரண்டு முறைதான். சேலத்தில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் முப்பது வருடம் உட்கார்ந்து பிழை திருத்தியவன். பதக்கங்களில் எனக்குப் பிடித்தது பளபளப்போ நாடாவின் நிறமோ அல்ல. அவற்றின் விளிம்பில், நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்குச் சின்னதாக, வாங்கியவரின் பதவியும் பெயரும் பொறித்திருக்கும். அந்த எழுத்து இருந்தால் அது ஒரு மனிதரின் பதக்கம். இல்லாவிட்டால் வெறும் வட்டம்.

போலிகளும் உண்டு. வார்ப்பு எடுத்து, முலாம் பூசி, பழைய நாடாவில் தொங்கவிட்டு விற்கிறார்கள். அப்படி ஒன்றை வாங்கி ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். அதிலிருந்து எதையும் சோதிக்காமல் வாங்குவதில்லை.

செவ்வாய்ப்பேட்டையில் எனக்குத் தெரிந்த கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவர் இருக்கிறார். உருக்குவதற்கு வரும் பழைய வெள்ளியில் முத்திரை உள்ளது ஏதாவது கண்ணில் பட்டால் எனக்குச் சொல்வார். போன வருடம் ஒரு மத்தியான வேளையில் போன் செய்தார்.

“ஏனுங்க சார், நம்மூட்டுக்கு உங்க ஏரோப்ளேன் ஆளு ஒருத்தர் வந்திருக்காருங்க.”

“யாருங்க?”

“ஆளுன்னா ஆளா? வில்லைங்க. நட்சத்திரம் போட்டு, நடுவால சிங்கம் இருக்குது. பாதி நீலம், பாதி காவி, நாடா நஞ்சுபோயிக் கெடக்குது. ஓரத்துல இங்கிலீசுல பொடிப்பொடியா என்னமோ எழுதியிருக்குதுங்க.”

வீர சக்கரம். என்னிடம் அதுவரை ஒன்றுகூட இல்லை. அதனால்தான் சந்தேகமும் வந்தது. “அசல் வெள்ளிதானா, நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. சாயங்காலம் வாரேன்” என்றேன்.

என் மேசையில் ‘பார்’ என்றால் கண்ணால் பார்ப்பது. அவர் பட்டறையில் ‘பார்’ என்றால் அரத்தால் பார்ப்பது. பொருளின் ஓரத்தில் ஒரு வெட்டுப் போட்டு, அதில் அமிலம் ஒரு சொட்டு விட்டு, நிறம் மாறுகிறதா என்று கவனிப்பார்கள். அந்தப் பட்டறைக்கு இருபது வருடமாகப் போய் வருகிறேன். அந்தச் சொல்லை அங்கே எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அன்று அது நினைவுக்கு வரவில்லை.

சாயங்காலம் அவர் சந்தோஷமாகப் பதக்கத்தை நீட்டினார். “சுத்த வெள்ளிங்க சார். மேல்பூச்சா இருக்குமோன்னு ஆழமாவே போட்டுப் பாத்துட்டேன். உள்ளாரயும் வெள்ளிதான்.”

விளிம்பில் சுண்டுவிரல் அகலத்துக்கு அரம் ஓடியிருந்தது. வெட்டுக்கு முன்னால் ‘பிளைட் லெப்டினன்ட்’ என்பதன் சுருக்கம். வெட்டுக்குப் பின்னால் ஏ, என் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள். நடுவில் வழவழவென்று ஒன்றுமில்லை.

“எழுத்து இருந்த பக்கமாப் பாத்து ஏனுங்க போட்டீங்க?”

“அந்தப் பக்கந்தானுங்க கைக்கு வாகா வந்துச்சு. ஏன் சார், எழுத்துக்கா வெல?”

போட்டோ எடுத்தாரா என்று கேட்டேன். இல்லை. படித்தாவது பார்த்தாரா? தனக்கு இங்கிலீஷ் வராது என்றார். தூள் எங்கே என்று கேட்டபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “அது உருக்குல போயிருச்சுங்க சார்.”

‘அன்’ என்று முடியாத ஆண் பெயரை நம் பக்கத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். விருது பெற்றவர்களின் பட்டியலைப் பார்த்தேன். அந்தப் பதவியில் அப்படி முடிகிற பெயர் ஒன்றோடு நிற்கவில்லை. பட்டறைக்காரரிடம் வெள்ளியைக் கொடுத்த தரகரைப் பிடித்துக் கேட்டேன். மேட்டூர், மேச்சேரி, ஜலகண்டாபுரம் எல்லாம் சுற்றி வாங்கி ஒரே சாக்கில் போட்டுக்கொண்டு வந்ததாகச் சொன்னார். எது எந்த வீட்டுச் சரக்கு என்று அவருக்கு நினைவில்லை.

பதக்கத்தின் முன்பக்கத்தைப் படம் எடுத்துச் சேகரிப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். விளிம்பைப் போடவில்லை. பத்து நாள் கழித்து மேட்டூரிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா போர் விமானி. அம்மா சாகும்வரை சாமி அலமாரியில் வைத்திருந்த வீர சக்கரத்தை, குத்துவிளக்கோடும் தட்டோடும் சேர்த்து அண்ணன் பழைய வெள்ளிக்காரரிடம் போட்டுவிட்டார். எந்த வெள்ளிக்காரர் என்று கேட்டால் நினைவில்லை என்கிறார். “ஓரத்துல எங்கப்பா பேரு இருக்கும் சார். பாருங்களேன்” என்றார்.

நேரில் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் சொன்ன பெயரும் ‘அன்’ என்றுதான் முடிந்தது.

மறுநாள் காலை பஸ் பிடித்தேன். மேச்சேரி தாண்டும்வரை என்ன சொல்வது என்று மனதுக்குள் வாக்கியம் திருத்திக்கொண்டே இருந்தேன். போய் உட்கார்ந்ததும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன்: சோதிக்கச் சொன்னது நான், வெட்டியது அரம், போனது பெயர்.

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பதக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். வெட்டின் மேல் கட்டைவிரல் நகத்தை ஓட்டினார். அது எழுத்தில் தட்டி நின்றது. மறுபடி ஓட்டினார்.

“எங்கம்மா வெள்ளிக்கிழமை தவறாமத் தொடைச்சு வெப்பாங்க. எனக்கு இங்கிலீஷ் எழுத்து அதுல பாத்துத்தான் பழக்கம்” என்றார். பிறகு நேராக என்னைப் பார்த்தார். “இது எங்கப்பாவோடதுதானுங்களா சார்?”

“இருக்கலாம்மா” என்றேன்.

அவர் பதக்கத்தை மேசைமேல் வைத்தார்.

“எங்கப்பா போன பிளேன் எங்கன்னே தெரியல சார். ‘இறந்திருக்கலாம்’னுதான் தந்தி வந்துச்சு. எனக்கு அப்ப ஆறு மாசம். எங்கம்மா பத்து வருசம் பொட்டை எடுக்கல. கேட்டா, ‘இருக்கலாம்’னுதானே போட்டிருக்குதும்பாங்க. அந்த ‘லாம்’ல வளந்தவ சார் நான். ஊட்டுல நிச்சயமா இருந்தது இந்த ஒரு வில்லையில இருந்த பேருதான்.”

எந்தச் சந்தேகமும் சொல்லாமல் இதை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாமோ என்று தோன்றியது. ஆமாம் என்று ஒரு வார்த்தை. அது பொய் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. மெய் என்றும் நிரூபிக்க முடியாது என்பதுதான் தொல்லை. இது வேறொரு வீட்டு அலமாரியில் இருந்ததாக இருந்தால், வேறொருவரின் அப்பாவை இவர் வெள்ளிக்கிழமைதோறும் துடைத்துக்கொண்டிருப்பார்.

“நீங்களே வெச்சிருங்க” என்றேன்.

“யாருதுன்னு தெரியாம எப்படிங்க சார் சாமிகிட்ட வெக்கிறது?” காப்பி கொண்டுவந்து கொடுத்தார். கிளம்பும்போது வாசல்வரை வந்தார். “அவசரமில்லைங்க சார். நல்லாப் பார்த்துச் சொல்லுங்க.”

பட்டறைக்காரரிடம் நான் சொன்ன அதே சொற்கள். அவருக்கு அது தெரியாது.

விமானப்படைக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வர வேண்டும். அதுவரை பூதக்கண்ணாடி வைத்துத் தினமும் பார்க்கிறேன். வெட்டு முடியும் இடத்தில், ஏ, என் எழுத்துகளுக்குச் சற்று முன்னால், ஓர் எழுத்தின் கால் மட்டும் மிஞ்சியிருக்கிறது. மயிரிழை அளவு. முதல் வாரம் அது எந்த எழுத்தின் காலாகவும் இருக்கலாம் என்று பட்டது. அப்படியே நோட்டில் குறித்தும் வைத்தேன்.

அவர் மாதம் ஒரு முறை போன் செய்கிறார். “பாத்தீங்களா சார்?” அதற்கு மேல் எதுவும் கேட்பதில்லை.

இப்போதெல்லாம் அந்தக் கால், அவருடைய அப்பா பெயரில் அந்த இடத்தில் வர வேண்டிய எழுத்தாகவே எனக்குத் தெரிகிறது. விளக்கை மாற்றி வைத்தாலும் அப்படித்தான் தெரிகிறது. அதனால்தான் இன்னும் அவரிடம் சொல்லாமல் இருக்கிறேன்.