பிரிக்காத டிவிடிகள்

பேஸ்மென்ட்டில் பழைய பெட்டியொன்றைத் திறந்ததும் எழுந்த பிளாஸ்டிக் வாசனையில் நாங்கள் முன்பு குடியிருந்த வில்லரேயின் சனிக்கிழமைகள் திரும்பி வந்தன. ஈரச் சப்பாத்தும் கோப்பியும் மணக்கும் மூலைக் கடையில், வாசிக்கத் தெரியாத பிரெஞ்சுப் பத்திரிகையை, அதோடு இலவசமாக வரும் டிவிடிக்காகவே அப்பா வாங்குவார். சினிமாவோ, திமிங்கிலம் பற்றிய ஆவணப்படமோ, எதுவானாலும் கோட்டுக்குள் பொத்திக் கொண்டுவந்து, உறை பிரிக்காமல் அடுக்குவார்.

"அம்மா வந்தாப்பிறகு எல்லாருமா இருந்து பாப்பம்."

விசாவுக்கு முன்னமே யாழ்ப்பாணத்தில் அம்மாவுக்குச் சாவு வந்தது. அதன்பிறகும், பத்திரிகைக்காரர் டிவிடி கொடுப்பதை நிறுத்தும்வரை, அப்பா ஒரு சனிக்கிழமையும் தவறவிடவில்லை. இப்போது அந்தக் கடையும் இல்லை.

ஓர் உறையின் ஓரத்தை நகத்தால் கிழித்தேன். படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பா சொன்னார்:

"பிரிக்காதை, பிள்ளை. அம்மாவும் வரட்டும்."