வலது பக்கம் புரளும்போது

பரண்மேலிருந்த தகரப்பெட்டி என் தலையில் விழுந்த அன்று அம்மாவும் நானும் சிரித்தோம். எனக்கு மாப்பிள்ளை பேசி முடித்த சாயங்காலம் அது. நிச்சயதார்த்தத்துக்கு எனக்குக் கட்டிவிடத் தன் கல்யாணப் புடவையைத் தேடி அம்மா ஸ்டூல்மேல் ஏறியிருந்தாள். நான் கீழே நின்று "மெதுவா, மெதுவா" என்று சொல்லி முடிப்பதற்குள் பெட்டி நழுவி என் வலது காதுக்கு மேலே இடித்தது. "கல்யாணப் பொண்ணு தலையிலேயே கல்யாணப் பெட்டி" என்று சொல்லிக்கொண்டே அம்மா தேங்காயெண்ணெய் தேய்த்துவிட்டாள். வீக்கம் வடிந்ததும் இருவரும் அதை மறந்துபோனோம்.

தொண்ணூறுகளின் கடைசி வருஷங்கள். கன்னடம் பேசும் ஊரில், தமிழர்கள் அதிகமுள்ள நீலசந்திராவில் ஒற்றை அறை வாடகை வீடு. அப்பா தவறிப்போன பிறகு அம்மா இரண்டு வீடுகளில் சமையல் செய்தாள், நான் கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில், தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் டேபிளில் நின்றேன். அக்கம்பக்கத்தில் எங்களைப் பற்றிப் பேச ஒரு விஷயமும் இல்லாமல் பார்த்துக்கொள்வதே அம்மாவுக்குப் பாதி வேலை.

பெட்டி விழுந்து ஒரு வாரம் இருக்கும். விடிகாலையில் பாயில் வலது பக்கம் புரண்டேன். கூரை ஒரு பக்கமாக ஓட ஆரம்பித்தது. ஓடி முடிந்து, மறுபடி முதலிலிருந்து ஓடியது. பாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஒரு நிமிஷத்துக்குள் எல்லாம் நின்றுவிட்டது, ஆனாலும் எழுந்து ஓடி வாசல் சாக்கடையில் வாந்தி எடுத்தேன். மறுநாள் காலையும் அப்படியே. அம்மா முதுகைத் தடவிக்கொடுத்தாள். மூன்றாவது காலையில் தடவிக்கொண்டிருந்த கையைச் சட்டென்று எடுத்துவிட்டாள்.

அந்தக் கை ஏன் போயிற்று என்று எனக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது வாந்தியைவிட அதுதான் அதிகம் குமட்டியது. கல்யாணம் ஆகாத பெண், காலையில் தலைசுற்றல், வாந்தி. அம்மா வேறெதையும் யோசிக்கத் தயாராக இல்லை. எனக்கு எப்போதும் மாதவிலக்கு தள்ளித்தான் வரும், அது அவளுக்கே தெரியும். ஆனாலும் கொடியில் என்ன துணி காய்கிறது என்று தினம் நோட்டம் விட்டாள். நான் வேலைக்குப் போகும்போது பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தாள். இத்தனை வருஷம் வராதவள்.

பக்கத்து வீட்டு அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பித்தம்டி, வேற ஒண்ணுமில்ல. எலுமிச்சம்பழத்தைக் கடிச்சு உறிஞ்சு" என்று தானே ஒரு பழம் கொடுத்தாள். நானும் வாசலில் உட்கார்ந்து உறிஞ்சினேன். அன்று மாலையே குழாயடியில் "அந்தப் பொண்ணுக்குப் புளிப்பு கேக்குதாம்" என்று பேச்சு. பழம் கொடுத்தவளும் அவள்தான், கதை கட்டியவளும் அவள்தான். அதற்குப் பிறகு யார் என்ன கொடுத்தாலும் நான் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

தெருமுனை கிளினிக் டாக்டர் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நாடியைப் பிடித்துக்கொண்டே அம்மாவைப் பார்த்து, "கல்யாணம் ஆயிடுச்சா?" என்றார். இன்னும் இல்லை என்றதும் குரலைத் தாழ்த்தி என்னமோ சொன்னார். வெளியே வந்ததும் அம்மா என்னை லேபுக்குக் கூட்டிப்போனாள். எதற்கென்று தெரிந்தே சின்ன டப்பாவை வாங்கிக்கொண்டேன். இல்லை என்று ரிசல்ட் வந்தது. டாக்டர் ரத்தம் கம்மி என்று சொல்லி சத்து டானிக்கும் தலைசுற்றலுக்கு மாத்திரையும் எழுதிக்கொடுத்தார். மாத்திரை போட்டால் தூக்கம் வந்ததே தவிர சுற்றல் நிற்கவில்லை. அடுத்த வாரம் அம்மா என்னை வேறொரு லேபுக்குக் கூட்டிப்போனாள்.

"அதான் இல்லன்னு வந்துடுச்சே?" என்று கத்தினேன்.

"ஆரம்பத்துல சில சமயம் தெரியாதாம்."

"யாரு சொன்னா?"

அம்மா என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். இரண்டாவது லேபிலும் இல்லை என்றுதான் சொன்னார்கள். சீட்டை மடித்து, முதல் சீட்டோடு சேர்த்து முருகன் படத்துக்குப் பின்னால் செருகினாள். சாப்பிடும்போது என் தட்டில் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "யாருன்னு மட்டும் சொல்லுடி. நான் அடிக்கமாட்டேன்" என்றாள். அவள் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவ்வளவு கனிவாகக் கேட்டாள். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

மல்லேஸ்வரத்தில் இருந்த மாப்பிள்ளை வீட்டுக்கும் விஷயம் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். நிச்சயதார்த்தத் தேதியைக் கொஞ்சம் தள்ளிப் போடலாமா என்று சொல்லி அனுப்பினார்கள். காரணம் சொல்லவில்லை. அதே வாரம் ஃபேக்டரியில் மேல் ராக்கிலிருந்த துணி பண்டிலை எடுக்க அண்ணாந்து பார்த்தவள் அப்படியே சாய்ந்துவிட்டேன். "உடம்பு சரியானப்புறம் வாம்மா" என்று சூப்பர்வைசர் அனுப்பிவிட்டார். அவர் பார்வை என் வயிற்றுக்குப் போய்த் திரும்பியது. அது நிஜமா, என் நினைப்பா என்று இன்றைக்கும் தெரியவில்லை. அப்போது யார் பார்த்தாலும் எனக்கு அப்படித்தான் பட்டது.

கோபத்தில் நானே மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். அம்மாவும் கூடவே வந்தாள். துணைக்கு வந்தாளா, காவலுக்கு வந்தாளா என்று நான் கேட்கவில்லை. காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். காதில்தான் ஒரு வலியும் இல்லையே, இங்கே எதற்கு என்று அந்த ஆஸ்பத்திரிமேலும் சந்தேகம் வந்தது.

டாக்டரம்மா கன்னடக்காரர். கல்யாணம் ஆயிற்றா என்று கேட்கவில்லை. "எப்போ சுத்துது? நிக்கும்போதா, படுக்கும்போதா?" என்றார். இத்தனை நாளில் முதல்முறையாக ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி அது. வலது பக்கம் புரண்டால், அண்ணாந்து பார்த்தால், ஒரு நிமிஷத்துக்குள் நின்றுவிடும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"காதுல இரைச்சல் இருக்கா? கேக்கறது குறைஞ்சிருக்கா?"

"இல்ல மேடம்."

"தலையில அடி ஏதாவது?"

"இல்ல" என்றேன்.

பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "பெட்டி விழுந்துச்சு மேடம். வலது பக்கம். நான்தான் தவற விட்டேன்." எனக்கே நினைவில்லாத ஒன்று. சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

என்னைக் கட்டிலில் கால் நீட்டி உட்காரவைத்து, முகத்தை வலது பக்கம் திருப்பி, டாக்டரம்மா சட்டென்று மல்லாக்கச் சாய்த்தார். தலை கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கியது. ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு அறை சுழல ஆரம்பித்தது. "கண்ணை மூடாதே" என்று என்னிடம் சொல்லிவிட்டு, என் கண்ணை வந்து பார்க்கும்படி அம்மாவைக் கூப்பிட்டார். "இல்லி பன்னி, கண்ணு நோடி." சுழலும் அறைக்கு நடுவில் அம்மாவின் முகம் குனிந்து வந்தது.

"ஐயோ, கண்ணு துடிக்குதே! தானா ஆடுதே!"

"இது யாரும் நடிக்க முடியாதும்மா" என்றார் டாக்டர். காதுக்குள்ளே சுண்ணாம்புப் பொடி மாதிரிச் சின்னத் துகள்கள் இருக்குமாம். அடிபட்டதில் அவை இடம் மாறி ஒரு குழாய்க்குள் போய்விட்டன, தலையைத் திருப்பினால் அங்கே ஓடி மூளையை ஏமாற்றுகின்றன என்றார். பிறகு தலையை இடது பக்கம் திருப்பி, கொஞ்சம் பொறுத்து உடம்போடு புரளவைத்து, முகம் தரையைப் பார்க்கும்படி வைத்திருந்து, மெல்ல எழுப்பி உட்காரவைத்தார். துகள் தன் இடத்துக்குத் திரும்பிவிடும், மாத்திரை வேண்டாம் என்றார். இவ்வளவுதானா என்று அதையும் நம்பவில்லை. மறுநாள் காலை மூச்சைப் பிடித்துக்கொண்டு வலது பக்கம் புரண்டேன். கூரை அசையாமல் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா வந்தார். சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே பேசினார். "டெஸ்ட்டெல்லாம் எடுத்தீங்களாமே சம்பந்தி? சீட்டு இருந்தா குடுங்க. எங்க ஆளுங்க வாயை அடைக்கலாம்."

அவர் தலைக்கு நேர் மேலேதான் முருகன் படம். கை நீட்டினால் சீட்டு வரும், எல்லாம் முடியும். அம்மா எடுப்பாள் என்றுதான் நான் நினைத்தேன்.

"டெஸ்ட்டா? எதுக்கு?" என்றாள் அம்மா. "என் பொண்ண நான் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்ல. காதுல கோளாறு, சரியாப் போச்சு. சீட்டுப் பாத்துதான் பொண்ணு எடுப்பீங்கன்னா வேற எடம் பாத்துக்கோங்க."

நான் சமையல் மறைப்புக்குப் பின்னால் நின்றிருந்தேன். அப்படியே போய் அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த இரண்டு சீட்டுகளுக்காக ஜென்மத்துக்கும் பேசாமல் இருக்கலாம் போலவும் இருந்தது.  வந்தவர் காபியைக் குடித்துவிட்டு, தள்ளிப் போட்ட நிச்சயதார்த்தத்துக்கு ஒரு தேதி சொன்னார்.

அவர் போனதும், "ஒரு நாளும் இல்லையா?" என்று கேட்டேன். அம்மா படத்துக்குப் பின்னாலிருந்து சீட்டுகளை எடுத்து ஸ்டவ்வில் கொளுத்தினாள். பிறகு பாயை விரித்து, "வலது பக்கமா படு, பாக்கலாம்" என்றாள். படுத்தேன். என் பக்கத்தில் மண்டியிட்டு என் கண்களையே பார்த்தாள். கண் ஆடவில்லை.

"இப்பவாவது நம்பறியா?"

"நம்பறேன்டி" என்றாள். ஆனாலும் பார்வையை எடுக்கவில்லை.