கோண்டாவில் வீடும் கிராமத்துக் கடனும்

கனகலிங்கம் வாயைத் திறந்தால் யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் வீடுதான் வரும். ஐந்து அறை, சுற்றுமதில், தேக்குக் கதவு. ஜெர்மனியின் டோர்ட்மண்டில் கல்யாணவீடு என்றாலும் சரி, செத்தவீடு என்றாலும் சரி, யாரையாவது பிடித்து வைத்து அளந்துகொண்டிருப்பார். அது அவர் கட்டிய வீடுகூட இல்லை. மனைவி தேவமலருக்கு அவளுடைய அப்பா கொடுத்த சீதன வீடு. காணி உறுதியும் அவள் பேரில்தான். இந்த வருஷம், எண்பத்தெட்டில், அந்தப் புளுகு இன்னும் கூடிப்போயிருந்தது. பக்கத்தில் நின்று கேட்கக் கேட்க அவளுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறும்.

இங்கே இருந்த இடமோ தீவனக் கடைக்கு மேலே இரண்டு அறை. டோர்ட்மண்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி, மாடும் சோளமுமாகக் கிடந்த நாட்டுப்புற மாவட்டம். அகதிகளாக வந்தபோது கொண்டுவந்து விட்டார்கள். அந்தஸ்து கிடைத்த பிறகும், கனகலிங்கத்துக்கு மர ஆலையில் வேலை இருந்ததால் தங்கிவிட்டார்கள். மூன்று பிள்ளைகளும் கொஞ்சம் ஓடி விளையாடினால் போதும், கீழேயிருந்து கடைக்காரர் தடியால் இடிப்பார். இப்போது மாரிக்கு முன் வீட்டை விட்டு எழும்பச் சொல்லிவிட்டார். மூன்று பிள்ளைகள் என்றதும் வேறு எவரும் வாடகைக்குத் தர மாட்டேன் என்கிறார்கள்.

அப்போதுதான் தேவமலர் அந்தக் கடனைப் பற்றிக் கேள்விப்பட்டாள். நகரத்துக்கு ஓடாமல் அந்த மாவட்டத்திலேயே குடியிருக்கிற பிள்ளைகுட்டிக்காரருக்கு, அரசாங்கமே பொறுப்பு நின்று வாங்கிக் கொடுக்கும் வீட்டுக் கடன். ஊரின் ஓரத்தில் பழைய ரயில்வே வீடு ஒன்று விலைக்கு இருந்தது. அகராதியும் கையுமாக இருந்து விண்ணப்பத்தை நிரப்பியதும் அவள்தான், அலைந்து அதிகாரியைச் சந்திக்க டெர்மின் எடுத்ததும் அவள்தான்.

“இஞ்சருங்கோ, அவர் கேக்கிறதுக்கு மட்டும் மறுமொழி சொல்லுங்கோ. கனக்கக் கதையாதேங்கோ,” என்று பஸ்ஸிலேயே சொல்லிக் கூட்டிப் போனாள்.

கடன் பிரிவு அதிகாரி ஹெர் லூடர்ஸ் எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்தார். வருமானம் சரி. பிள்ளைகள் சரி. “கடைசிக் கேள்வி. உங்களுக்கு வேறு எங்காவது சொந்த வீடு இருக்கிறதா?”

இல்லை என்று சொல்ல தேவமலர் வாயெடுப்பதற்குள் மனுசன் முந்திவிட்டார். இருக்கிறதாம். ஐந்து அறையாம். மதிலின் உயரத்தைக் கையால் வேறு காட்டினார்.

அதிகாரி பேனாவை மூடினார். “அப்படியானால் இந்தக் கடன் உங்களுக்கு இல்லை. இது வீடில்லாதவர்களுக்கு.”

“நாங்கள் அங்கே போக முடியாது என்றுதானே உங்கள் அரசாங்கம் அகதிப் பாஸ்போர்ட் தந்தது?” என்று தேவமலர் கேட்டாள்.

“போக முடியுமா என்று இங்கே கேட்கவில்லை. இருக்கிறதா என்றுதான் கேட்டிருக்கிறது.” அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே கொஞ்சம் இறங்கி வந்தார். அந்த வீடு குடியிருக்க முடியாத நிலையில் இருந்தால், இருவரும் எழுதிக் கையெழுத்து வைத்துத் தரலாம். வியாழன் வரை பொறுப்பதாகச் சொன்னார்.

அந்தக் கிழமை முழுக்க வீட்டில் சண்டைதான்.

“ஊர் முழுக்கப் புளுகத் தெரியுது. பிள்ளையளுக்காக ஒரு பொய் சொல்ல ஏலாதோ?”

“வீடு இல்லையெண்டு உமக்கு முன்னாலை என்னெண்டு சொல்லுறது?”

“சொன்னால் என்ன? வீடு எழும்பி ஓடப்போகுதோ?”

அவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். வறட்டுக் கௌரவம், வேறென்ன என்று தேவமலர் பொருமினாள்.

வியாழன் வந்தது. என்ன நினைத்தாரோ, கனகலிங்கம் கதிரையில் இருக்காமல் நின்றபடியே சொன்னார். “வீடு இல்லை. போன ஒக்டோபரில் ஷெல் விழுந்தது. கூரை, சுவர், கதவு, எல்லாம் போய்விட்டது. கிணறு மட்டும் இருக்கிறது.”

குரல்கூடத் தழுதழுத்தது. அட, என்னமாய் நடிக்கிறார் என்று தேவமலருக்கு வியப்பு. அதிகாரி அப்படியே எழுதி, வீடு அவள் பேரில் இருப்பதால் முதலில் அவளிடம் நீட்டினார். பிள்ளையாரே, இருக்கிற வீட்டை இல்லையெண்டு எழுதுறன், கோவிக்காதை என்று வேண்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். இனித் தடை ஒன்றுமில்லை, அனுமதி தபாலில் வரும் என்றார் அதிகாரி.

பஸ் தரிப்பில் அவளுடைய வாய்க்குப் பூட்டில்லை. “இதைப் போன கிழமையே சொல்லித் துலைச்சிருந்தால் நான் இந்தப் பாடு பட்டிருப்பனோ? அதுக்குள்ளை கிணறு மட்டும் மிச்சமெண்டு ஒரு கதை. எங்கையிருந்துதான் வருகுதோ உங்களுக்கு.”

“கதையில்லை, மலர்.” அவர் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். “தையிலை உம்மடை யோகலிங்கம் அண்ணை ஆலைக்குப் போன் எடுத்தவர். நேரை போய்ப் பாத்தவராம். கிணறு மட்டும்தானாம்.”

அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். “அப்ப ஏன் ஊர் முழுக்க அந்த வீட்டைச் சொல்லிக்கொண்டு திரிஞ்சனீங்கள்?”

“நீர் பக்கத்திலை நிண்டு கேட்டுக்கொண்டிருந்தனீரெல்லோ.”