ஸ்டெல்லா அக்கா நின்றால் மட்டும் ஏன் யாருக்கும் மாஸ்க் இல்லை?

நேற்று சாயங்காலம் சர்ச் கேட் எதிரே நின்று ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். இந்தக் கொரோனா சமயத்தில் ஜனங்கள் நிஜமாகவே மாஸ்க் போடுகிறார்களா என்று பார்க்க, ஓர் ஆய்வுக் குழு பெங்களூர் முழுக்க வாலன்டியர்களைச் சேர்த்திருக்கிறது. குறிப்பிட்ட விளக்குக் கம்பத்தருகே நிற்க வேண்டும். கம்பத்தைத் தாண்டுகிற ஒவ்வொருவரையும் ஆப்பில் தட்ட வேண்டும். மாஸ்க் உண்டு, இல்லை. தாடையில் தொங்கினால் 'இல்லை'தான்.

பேசக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது. (எனக்குப் பிடித்த மாதிரியான சமூக சேவை.)

காக்ஸ் டவுனில் எங்கள் தெருவுக்கு சர்ச் கேட் எதிரே உள்ள கம்பம், இரண்டு பேர். காலையில் நான். சாயங்காலம் ஸ்டெல்லா அக்கா. சர்ச் கொயரில் பாடுகிறவர், வருஷக்கணக்காக சண்டே கிளாஸ் எடுத்தவர். கொயர் நின்றுபோன பிறகு அவர் வீட்டை விட்டு வெளியே வருவதே இதற்காகத்தான்.

என் கணக்கில் தெருவே ஒழுங்கு. அவர் கணக்கில் பாதிப் பேருக்கு மாஸ்க் இல்லை. அதே கம்பம், அதே ஜனங்கள்!

இதையெல்லாம் கவனிக்கிற ஆய்வு மாணவி சுஷ்மா போன் செய்தாள். சாயங்காலமானால் மேப்பில் உங்கள் தெரு மட்டும் சிவப்பாகிறது, அந்த ஆன்ட்டிக்குக் கண் பார்வை எப்படி என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவர் பதிவுகளை நீக்கிவிட்டு வேறு ஆள் போடலாமா என்றும் கேட்டாள்.

புள்ளியியல் படித்தவள் நான். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

விஷயம் அக்கா காதுக்கும் போய்விட்டது.

"நான் என்ன வீட்ல உட்கார்ந்துக்கிட்டா தட்டறேன்? நீயே வந்து நின்னு பாரு மாலா. அப்புறம் எடுத்துடச் சொல்லு."

போய் நின்றேன்.

தூரத்தில் ஒருவர் பிரெட் பாக்கெட்டோடு வந்தார். மாஸ்க் கச்சிதமாக மூக்கு வரை இருந்தது. கம்பத்தை நெருங்கினார், அக்காவைப் பார்த்தார், மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினார்.

"ஸ்தோத்திரம் ஆன்ட்டி. முட்டி வலி எப்படி இருக்கு?"

"பரவாயில்லப்பா" என்று சொல்லிக்கொண்டே அக்கா 'இல்லை'யைத் தட்டினார்.

அடுத்து வந்த பெண்ணும் அப்படியே. அதற்கடுத்த தம்பதியும்.

தாங்கவில்லை. விதியை மீறி, பிரெட்காரரைக் கூப்பிட்டு ஏன் இறக்கினீர்கள் என்று கேட்டேன்.

"வாயை மூடிக்கிட்டு பெரியவங்ககிட்ட எப்படி மேடம் பேசறது? மரியாதையா இருக்காதே."

இதை எனக்குச் சொல்வதற்கு முன் அவர் மாஸ்க்கை மூக்கு வரை ஏற்றிக்கொண்டார்!

ஆக, என் கணக்கும் சரி, அக்கா கணக்கும் சரி. முன்பின் தெரியாதவர்களுக்கு மாஸ்க். தெரிந்தவர்களுக்கு முகம். ஆனால் நாம் நெருங்கி நின்று பேசுவது தெரிந்தவர்களிடம்தானே?

அங்கிருந்தே சுஷ்மாவுக்குப் போன் போட்டேன். பார்த்ததை அப்படியே விவரித்தேன். ஆன்ட்டியின் பதிவுகள் ஒன்றைக்கூட நீக்க மாட்டேன், எனக்கு அதுதான் முக்கியம், அவரையே தொடரச் சொல்லுங்கள் என்றாள்.

அக்காவிடம் சொன்னேன். அவர் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம்.

"அப்போ என்னைப் பார்த்துத்தான் எல்லாரும் கழட்டறாங்களா?"

"ஆமாம் அக்கா."

அதற்குள் எதிரே ஒரு பெண் வந்தாள், கை மாஸ்க்குக்குப் போனது. அக்கா அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"ரீனா, இறக்காதே! நீதான்னு தெரியுது, அப்படியே பேசு!"

நான் பதறிவிட்டேன். அக்கா, நாம் எதுவும் சொல்லக் கூடாது, கணக்கு கெட்டுவிடும் என்றேன்.

"கெட்டா கெடட்டும். என் பிள்ளைங்க இருமிக்கிட்டுக் கிடக்கறதுக்கா நான் இங்க நிக்கறேன்?" சொல்லிவிட்டு ரீனாவுக்கு 'உண்டு' என்று தட்டினார்.

இன்னும் சில நாளில் எங்கள் தெரு மேப்பில் பச்சையாகிவிடும். சுஷ்மா நிச்சயம் ஏன் என்று கேட்பாள்.

நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன சொல்வீர்கள்?