சிமியுவின் வண்டியில் மூன்று திரைகள்

ங்கோங் சாலையில் மட்டாட்டு என்கிற வாடகை மினிபஸ் ஓட்டுகிற சிமியுவுக்குக் கண் இரண்டுதான். வண்டியில் திரைகள் மூன்று. பின்பக்கம் காட்ட ஒன்று, வழி காட்ட ஒன்று, பாட்டும் பந்தாட்டமும் காட்ட ஸ்டீயரிங் பக்கத்திலேயே பெரிதாக ஒன்று. சாலையைப் பார்க்கும் வேலையை என்னிடம் விட்டிருந்தார். நான் கெருபோ, அந்த வண்டியின் கண்டக்டர். கதவில் தொங்கியபடி "அண்ணே, மாடு!", "அண்ணே, போலீஸ்!" என்று கத்துவதும் என் வேலையில் சேர்த்தி.

மனுஷர் கெட்டவரில்லை. கர்ப்பிணி ஏறினால் பாட்டைக் குறைப்பார். பந்தாட்டம் ஓடினால் மட்டும் பெற்ற தாய் குறுக்கே வந்தாலும் ஹாரன்தான்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் வண்டி நிறைய ஜனம். திரையில் ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம், அதிலும் பெனால்டி.

"அண்ணே, ரோட்டப் பாருங்க!"

"ரோடு எங்கடி ஓடிப்போவப் போவுது? பெனால்டி போயிரும்!"

கோல் விழுந்தது. சிமியு இரண்டு கையையும் தூக்கினார். சாலை வளைந்தது, நாங்கள் வளையவில்லை.

சாலையோரம் சவப்பெட்டி செய்து விற்கும் முனேனேயின் கடைக்குள் போய்த்தான் நின்றோம். ஆறு பெட்டிகள் நொறுங்கின. என் முன்பல் இரண்டு கம்பியில் இடித்துப் போயின. சிமியுவுக்குத் தோள் எலும்பு முறிந்தது. ஜனங்கள் சிராய்ப்போடு தப்பினார்கள். கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்த ஒரு பெட்டி அவர் மடியில் உட்கார்ந்திருந்தது. திரையில் இன்னும் கொண்டாட்டம்.

முனேனே உளியும் கையுமாக எட்டிப் பார்த்தார்.

"எல்லாரும் பொட்டிக்கு ஆள் அனுப்புவாங்க. நீதான்யா நேர்லயே வந்து அளவு பாக்கற."

யாரும் சிரிக்கவில்லை. வாசலில் பெட்டிகளுக்கு மெருகு போடும் முனேனேயின் மகள் அப்போது டீ வாங்கப் போயிருந்தாள். அவள் உட்காரும் முக்காலி எங்கள் சக்கரத்தடியில் சப்பையாகிக் கிடந்தது. குவளையோடு திரும்பியவள் முக்காலியைப் பார்த்தாள். பிறகு சிமியுவைப் பார்த்தாள். அப்போதுதான் சிமியு அழுதார். கோல் போட்டவன்கூட அப்படி அழுதிருக்கமாட்டான்.

தோள் கூடி, வண்டியும் சரியாகி வந்த அன்று முதல் வேலையாக அந்தப் பெரிய திரையைக் கழற்றினார். கழற்றும்போது கெட்ட வார்த்தைகள் நிறைய வந்தன. ஆனாலும் கழற்றினார்.

இளவட்டங்கள் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். "டிவி இல்லியா? இதென்ன ஆஸ்பத்திரி வண்டியா?"

"டிவி வண்டில ஏறு, ஆஸ்பத்திரி வண்டி தானா வரும்!" என்றேன். பல் இல்லாததால் பாதிச் சொல் காற்றாகப் போனது.

இப்போது எங்களுக்கு நர்ஸுகளும் சந்தைக்குப் போகிற அம்மாக்களும்தான் கூட்டம். சிமியு போனையும் அணைத்து இருக்கைக்கு அடியில் போட்டுவிடுகிறார். நேற்று அவர் மனைவி என்னைக் கூப்பிட்டாள்.

"அந்தாளு உயிரோடதான இருக்காரு? போனே போவல!"

"வண்டி ஓட்டிட்டிருக்காரு, அக்கா."

"அப்ப இத்தன வருஷமா என்னத்தப் பண்ணிட்டிருந்தாரு?"