கன்னத்தில் இருந்த நிறம்

கொல்லங்கோட்டில் அப்துல் ஷுக்கூரின் வளையல் கடைக்கு மேலே ஒரு சின்ன அறை. அதில் உட்கார்ந்துதான் அவருடைய மனைவி சௌதா பழைய படங்களைச் சரிசெய்து கொடுக்கிறாள். கல்யாணத்துக்கு முன்பு பாலக்காட்டில் போட்டோ அச்சடிக்கும் ஒரு கலர் லேபில் வேலை பார்த்தவள். கரையான் அரித்தது, மழையில் நனைந்தது, பர்சில் மடித்து வைத்துக் கிழிந்தது என்று எல்லாம் அவளிடம் வரும். ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றி, கிழிசலை மூடி, வெளுத்த நிறத்தை மீட்டு அச்சடித்துத் தருவாள். பெரும்பாலும் இறந்தவர்களின் படங்கள் என்பதால் அதிகம் கேள்வி கேட்க மாட்டாள். சேலை என்ன நிறம், ஆள் மாநிறமா சிவப்பா, அவ்வளவுதான்.

எருத்தேன்பதியிலிருந்து குப்பண்ணனும் கமலாத்தாளும் வந்தபோதும் அதைத்தான் கேட்டாள். அவர்களின் ஒரே மகள் கிருத்திகா, கல்யாணமாகி இரண்டாவது வருடம் கணவன் வீட்டுத் தோட்டத்துக் கிணற்றில் பிணமாகக் கிடந்தாள். தண்ணீர் சேந்தப் போனவள் கால் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று கணவன் கோகுல்நாத் சொன்னான். போலீசும் அப்படியே எழுதிக்கொண்டது.

கமலாத்தாள் மடியிலிருந்து ஒரு பிரேமை எடுத்து மேசைமேல் வைத்தாள். இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பு சித்தப்பா மகள் கல்யாணத்தில் எடுத்த படம். ஒழுகுகிற சுவரில் மாட்டியிருந்ததில் ஈரம் ஏறி, படம் கண்ணாடியோடு ஒட்டிப்போய், பாதி முகம்வரை மஞ்சள் கறை பரவியிருந்தது.

"இதுதானுங்க அவ கடைசியா எடுத்துக்கிட்டது. போட்டோ எடுத்த பையன்கிட்ட கேட்டா கம்ப்யூட்டரு கெட்டுப்போச்சு, எல்லாம் அழிஞ்சு போச்சுங்கறான். கறையெல்லாம் எடுத்துப்போட்டு எம்பட புள்ளைய நல்லாக் காட்டிக் குடு அம்மிணி. திதிக்கு வெக்கோணும்."

ஒட்டிய படத்தைக் கண்ணாடியிலிருந்து உரித்தால் முகம் கையோடு வந்துவிடும். சௌதா கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்தாள். அந்தப் பெண்ணின் தலையில் இருந்த மல்லிகையை வெள்ளைக்கு அளவாக வைத்துக்கொண்டு மஞ்சளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். பின்சுவர் தெளிந்தது. அரக்குச் சேலை அரக்காயிற்று. ஈரக்கறை இருந்த இடமெல்லாம் பக்கத்து நிறத்தோடு சேர்ந்துகொண்டது. காதுக்குக் கீழே தாடையோரம் இருந்த கறை மட்டும் போகவில்லை. மஞ்சள் குறையக் குறைய அது நீலம் கலந்த ஊதாவாகத் தெரிந்தது. பவுடர் பூசி மறைத்தும் மறையாத நிறம். முழங்கைக்கு மேலே, ரவிக்கைக் கை முடிகிற இடத்திலும் அதே நிறம், விரல் விரலாக.

ஈரம் தோலென்றும் துணியென்றும் பார்த்துப் பரவாது. இது தோலில் மட்டும் இருந்தது. சௌதா மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். பிறகு கீழே போய்க் கணவரை அழைத்து வந்து காட்டினாள்.

ஷுக்கூர் குனிந்து பார்த்தார். "அவங்க கறையத்தானே எடுக்கச் சொன்னாங்க. எடுத்துக் குடுத்துரு சௌதா. அந்த மாப்பிள்ளை வீட்டாளுங்க பெரிய இடம். நமக்கு அந்தப் பக்கத்துச் சனங்கதான் யாவாரம்."

"இது கறை இல்லைங்க."

அவர் கடைக்கு இறங்கிப் போனார்.

படத்தை வாங்க வந்த கமலாத்தாளைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்துச் சௌதா தாடையைச் சுட்டிக் காட்டினாள். கமலாத்தாள் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"அன்னைக்கே கேட்டனுங்க. மாடு கொம்பால இடிச்சுப்போடுச்சும்மான்னு சொன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா." பிறகு படத்தில் மகளின் கையில் விரல் விரலாக இருந்த தடத்தைப் பார்த்தாள். "இதையுமா மாடு புடிச்சுது?"

வாசலில் நின்ற குப்பண்ணன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அவர்கள் மறுபடியும் புகார் கொடுத்தார்கள். போலீஸ் வந்து பிரேமோடு படத்தையும், சௌதாவின் கம்ப்யூட்டரிலிருந்து ஸ்கேனின் பிரதியையும் எடுத்துப் போனது. கல்யாணத்துக்கு வந்தவர்களின் போன்களில் தேடிப் பார்த்ததில் கிருத்திகா ஓரமாக, முதுகு காட்டித்தான் இருந்தாள். கோகுல்நாத் கைதாகி, ஜாமீனில் வெளியே வந்தான். ஷுக்கூர் சொன்னபடியே கடைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். அதைப் பற்றி அவர் ஒருமுறைகூட மனைவியைக் குறை சொல்லவில்லை. அவள் சாட்சி சொல்லக் கோடதிக்குப் போன நாளில் அவள்கூடவே பஸ் ஏறினார்.

அதற்குள் இரண்டு மழைக்காலம் போயிருந்தது. நீதிபதியின் மேசைமேல் பிரேமை வைத்தபோது சௌதா எட்டிப் பார்த்தாள். போலீஸ் ஸ்டேஷனில் சாமான்களோடு போட்டு வைத்திருந்ததில் கண்ணாடிக்குள் பூசணம் படர்ந்து, கிருத்திகாவின் முகம் இருந்த இடத்தில் கறுப்புப் பொடிதான் இருந்தது. மல்லிகையும் தெரியவில்லை, தாடையும் தெரியவில்லை. மிச்சம் இருந்தது அவள் எடுத்த ஸ்கேன் ஒன்றுதான்.

எதிர்த்தரப்பு வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை. "படத்தில் இருப்பதை அழிப்பதும் இல்லாததை உண்டாக்குவதும்தானே உங்கள் வேலை?"

"ஆமாங்க சார். ஆனா இதுல நான் எதையும் உண்டாக்கல."

"இந்தக் கன்னத்தில் இப்படி ஒரு நிறத்தை உங்களால் வைக்க முடியுமா, முடியாதா?"

சௌதா நீதிபதியைப் பார்த்தாள். பொய் சொல்ல வரவில்லை.

"முடியும்."

பிணம் தண்ணீரில் ஊறிப்போயிருந்ததால் டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து கோகுல்நாத்தை விடுதலை செய்தார்கள். முடியும் என்று தான் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் அவனை வெளியே விட்டது என்று சௌதா நம்பினாள். ஷுக்கூர் எவ்வளவு சொல்லியும் அந்த எண்ணம் அவளை விட்டுப் போகவில்லை.

கார்த்திகையில் கமலாத்தாள் தனியாக வந்தாள். இளைத்துப் போயிருந்தாள்.

"அந்தப் படம் இன்னும் இருக்குதா அம்மிணி?"

"இருக்குதுங்கக்கா."

"அந்தக் காயத்தை எடுத்துப்போட்டுக் குடு."

சௌதா நாற்காலியை அவள் பக்கம் திருப்பினாள்.

"நீ அன்னைக்கு அச்சடிச்சுக் குடுத்ததுதான் ஊட்டுல இருக்குது. கோடதி அப்படி ஒண்ணு இல்லவே இல்லைன்னு சொல்லிப்போடுச்சு. நான் ஒருத்தி மட்டும் தெனமும் அதைப் பாத்துக்கிட்டு எப்படி இருக்கறது? சோறு எறங்க மாட்டேங்குது, கண்ணு."

மறுக்க வேண்டும் என்று சௌதாவுக்குத் தோன்றியது. அந்த முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை. கமலாத்தாளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே செய்தாள். மறு கன்னத்திலிருந்து நிறம் எடுத்து, தாடையோரம் மெல்லப் பரப்பி, நிழலை ஒத்துப்போகவைத்தாள். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பெரிதாக்கிப் பார்த்தாலும் அடி விழுந்த தடம் எங்கேயும் இல்லை. இதுவரை செய்ததில் இவ்வளவு சுத்தமாக எதையும் செய்ததில்லை என்று அவளுக்கே தெரிந்தது.

கமலாத்தாள் அச்சடித்த படத்தைக் கையில் வாங்கி, மகளின் கன்னத்தை விரலால் தடவினாள். "நல்லாருக்கறா" என்று மட்டும் சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பில் சுற்றி எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

சௌதா இப்போதும் அதே அறையில் அதே வேலைதான் பார்க்கிறாள். கல்யாணப் படங்களை மட்டும் வாங்குவதில்லை. யாராவது கேட்டால், கண் முன்ன மாதிரி இல்லைங்க என்கிறாள்.